குருவானவர் இல்லாத 221 ஆண்டுகள்: நாகசாகியில் ஒரு மதம் கைமாறிய விதம்

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய வெளிநாட்டார் குடியிருப்பில் புதிதாகக் கட்டி முடித்திருந்த ஓவுரா கோயிலின் வாசலில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். பார்வைக்குச் சாதாரண விவசாயக் குடும்பங்கள். பிரெஞ்சுக் குரு பெர்னார் பெத்திஜான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் முழந்தாளிட்டார். பின்னாலேயே வந்த ஒரு பெண், தங்கள் மனமும் அவர் மனமும் ஒன்றுதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அடுத்து அவள் கேட்டது, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று.

இந்தக் காட்சி பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அதே சந்திப்பில் அவர்கள் சொன்ன இன்னொரு சேதி, பெத்திஜானின் கடிதத்தில் இருப்பது, என்னை இதைவிட அதிகமாக உலுக்குகிறது. "இப்போது துக்க காலத்தின் பதினேழாம் நாளில் இருக்கிறோம்" என்றார்கள். துக்க காலம் என்று அவர்கள் சொன்னது தவக்காலத்தை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அந்த ஆண்டு மார்ச் 1. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், மார்ச் 17 சரியாகப் பதினேழாம் நாள்.

ஜப்பானில் ஒளிந்து வாழ்ந்த கடைசிக் குருவான கொனிஷி மான்ஷோ 1644-இல் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு 221 ஆண்டுகள் அந்த மக்களுக்குப் பூசை வைக்க யாருமில்லை, ஆயர் இல்லை, அச்சான ஜெபப் புத்தகம் இல்லை, ரோமிலிருந்து ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. அப்படியும் ஒரு நாள்கூடப் பிசகாமல் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மதங்கள் ஏன் தலைமுறை தாண்டி நிற்கின்றன என்று கேட்டால் ஆழ்ந்த விசுவாசம், பெற்றோர் வளர்ப்பு, அடக்கினால் இன்னும் வளரும் என்ற பதில்கள்தான் வழக்கமாக வரும். நாகசாகிக் கதையை நெருங்கிப் பார்த்தால் இவை போதவில்லை. விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் கியோட்டோவிலும் எடோவிலும் (இன்றைய டோக்கியோ) வடகிழக்கு மாகாணங்களிலும் இருந்தார்கள். அங்கெல்லாம் சில தலைமுறைகளில் சுவடு மங்கிவிட்டது. நாகசாகியைச் சுற்றியிருந்த உரகாமி, சொத்தொமே, கோட்டோ தீவுகள், அமகுசா, இகித்சுகி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் நின்றது. அங்கே இருந்து மற்ற இடங்களில் இல்லாமல் போனது எது என்பதுதான் கேள்வி.

முதலில் அவர்கள் எதற்குத் தப்பினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1614-இல் தோக்குகவா அரசு நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தபோது சுமார் 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1637–38-இல் கிறிஸ்தவ விவசாயிகள் பெருமளவில் சேர்ந்த ஷிமபாரா கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தபின் பிடி இறுகியது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு பௌத்த ஆலயத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல என்று ஆலயம் சான்று தரவேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழு, ஒரு வீடு தப்பு செய்தால் ஐந்துக்கும் தண்டனை. ஊர்ப் பலகைகளில் காட்டிக்கொடுப்பவர்களுக்கான சன்மானம் எழுதியிருக்கும்: 1682-ஆம் ஆண்டுப் பலகைகளின்படி குருவுக்கு 500 வெள்ளிக்காசு, சபைச் சகோதரருக்கு 300, மதத்தைக் கைவிட்டுவிட்டு மறுபடி திரும்பியவருக்கும் 300. இவ்வளவும் போதாதென்று, நாகசாகி வட்டாரத்தில் ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி 'ஃபுமி-எ' என்ற சடங்கு. கிறிஸ்துவின் உருவமோ மரியாளின் உருவமோ பொறித்த தகட்டை ஒவ்வொருவரும் மிதித்துக் காட்டவேண்டும். கைக்குழந்தையின் பாதத்தையும் அதில் வைத்து எடுப்பார்கள்.

மூன்று வேலைகள், மூன்று ஆட்கள்

உரகாமியில் ஒளிவுமறைவாக இயங்கிய அமைப்பு மிக எளிமையானது. ஊர் முழுமைக்கும் ஒரு 'சோகாத்தா' உண்டு. 'சோ' என்றால் பேரேடு, ஆகவே இவர் பேரேட்டுக்காரர். திருவழிபாட்டு நாள்காட்டி இவர் கையில் இருக்கும். எந்தத் தேதியில் எந்தத் திருநாள், எப்போது ஒறுத்தல், எந்த நாளில் வேலை கூடாது என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் இவர்தான். அடுத்தது 'மிசுகாத்தா', தண்ணீர்க்காரர். ஞானஸ்நானம் கொடுப்பது இவர் பொறுப்பு. மூன்றாவது 'கிகியாக்கு'. சோகாத்தா சொன்ன நாட்களை வீடு வீடாகச் சேர்ப்பவர், பிறப்பு இறப்புச் செய்தியை மேலே கொண்டுபோகிறவர். பெயர்களும் பிரிவுகளும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இகித்சுகியில் சிறு குழுக்களுக்கு 'கொம்பான்யா' என்று பெயர். போர்த்துகீசிய 'கொம்பன்யியா' அப்படியே நாக்கில் தங்கிவிட்டது.

இதை அவர்கள் தடைக்குப் பிறகு புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தடைக்கு முன்பே சேசு சபையாரும் மற்றச் சபையாரும் பொதுநிலையினரைக் கொண்டு பக்த சபைகளை நிறுவியிருந்தார்கள். குருக்கள் எண்ணிக்கை எப்போதுமே போதாமல் இருந்ததால், நோயாளியைப் பார்ப்பது, சாவு வீட்டில் ஜெபிப்பது, அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் ஏற்கனவே ஊர்க்காரர்கள் கையில்தான் இருந்தன. குரு போனதும் மேல்தட்டு மட்டும் கழன்றது. அடித்தட்டு முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது. பக்த சபைகள் நெருக்கமாக இருந்த ஊர்களும் மறைவுக் கிறிஸ்தவம் நீடித்த ஊர்களும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழகிய முகம் தெரியவேண்டும். 1549 ஆகஸ்ட் 15-இல் ககோஷிமாவில் கரையிறங்கி ஜப்பானில் கிறிஸ்தவத்தைத் தொடங்கிவைத்த பிரான்சிஸ் சவேரியார், அதற்கு ஏழாண்டுகள் முன்பு, 1542-இல், முத்துக்குளித்துறைக்கு வந்தவர். பரவர் ஊர்கள் பெரும் எண்ணிக்கையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தன. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியார் விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்து மனப்பாடமாகப் பயிற்றினார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு ஊருக்கொரு 'கணக்கப்பிள்ளை'யை வைத்தார். ஜெபம் சொல்லித் தருவது, சாகக் கிடக்கும் சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, திருமணங்களைக் கவனிப்பது அவர் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பணத்தைச் சவேரியார் இதற்குக் கேட்டு வாங்கினார். பேரேட்டுக்காரரும் கணக்கப்பிள்ளையும் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆள்பற்றாக்குறை இரண்டு கரைகளிலும் ஒரே மாதிரியான ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஜப்பானில் அந்த ஏற்பாடு பின்னால் உயிரைக் காத்தது.

நாள் தவறாமல் இருப்பது எப்படி

நாள்காட்டி விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒளிந்திருந்தவர்கள் பயன்படுத்திய கணக்கு 1634-ஆம் ஆண்டின் திருவழிபாட்டு நாள்காட்டியை அடிப்படையாகக் கொண்டது. பஸ்தியான் என்ற உள்ளூர் வேதியர், அதாவது மறைக்கல்வி சொல்லித்தருபவர், பெயரால் வழங்குகிறது. அதை ஜப்பானியச் சந்திர மாதங்களுக்குள் ஆண்டுதோறும் புதிதாகப் பொருத்த வேண்டும்.

உயிர்ப்புத் திருநாளைக் கணக்கிட மூன்று தெரியவேண்டும்: வசந்தகாலச் சமபகல் நாள், அதையடுத்த பௌர்ணமி, அதற்குப் பின்வரும் ஞாயிறு. முதல் இரண்டும் ஜப்பானியருக்குக் கஷ்டமே இல்லை. சமபகல் நாளில் பௌத்த ஆலயங்களே 'ஹிகான்' விழா எடுக்கும். சந்திர மாதத்தில் பதினைந்தாம் தேதியை ஒட்டித்தான் பௌர்ணமி வரும், பஞ்சாங்கமே வேண்டாம். மூன்றாவதுதான் சிக்கல். ஏழு நாள் வாரம் அந்தக் காலத்து ஜப்பானில் அன்றாட வாழ்க்கையில் கிடையாது; ஞாயிறு அரசு விடுமுறையானதே 1876-இல்தான். சந்தையும் வேலையும் விடுப்பும் வேறு கணக்கில் ஓடும் ஒரு நாட்டில், யாருக்கும் தெரியாமல் ஒருவர் ஏழு ஏழாக எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டால்? கைதாகிவிட்டால்? ஒருமுறை தவறினால் திருத்திக்கொள்ள வெளியே யாரும் இல்லை.

அதனால்தான் சோகாத்தா பதவி ஒரு தனிமனிதரின் பக்தியாக இல்லாமல், வாரிசு கட்டாயம் வேண்டிய உத்தியோகமாக இருந்தது. உரகாமியில் முதல் சோகாத்தா மாகோஎமோன் தொடங்கி ஏழாவது சோகாத்தா கிச்சிசோ வரை அந்த வரிசை அறுபடவில்லை. கிச்சிசோ, மறைவுக் கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடித்த 1850-களின் மூன்றாவது உரகாமி வேட்டையில் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். ஆனாலும் 1865-இல் மக்கள் பதினேழாம் நாளைச் சொன்னார்கள்.

நாள்காட்டி செய்த இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. 'இன்று ஊசி பிடிக்கக் கூடாது, வயலுக்கு எரு சுமக்கக் கூடாது' என்று ஒரு வீட்டில் சொன்னால், ஏன் என்று தெரியாத குழந்தைக்கும் அந்த நாள் வேறு நாள் என்று உறைத்துவிடும். மறைக்கல்வி வகுப்பு நடத்த முடியாத இடத்தில் ஊசிதான் மறைக்கல்வி.

மிதித்த பிறகு என்ன செய்வது

கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களில் குரு இல்லாமல் நடக்கக்கூடியவை இரண்டே. ஆபத்து வேளையில் ஞானஸ்நானத்தை யாரும் கொடுக்கலாம். தண்ணீரும் சரியான வார்த்தையும் அந்த எண்ணமும் போதும். திருமணத்தில் மணமக்களே அதை நிறைவேற்றுபவர்கள். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு குரு வேண்டும். ஆனால் இவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தகட்டை மிதிக்கிறார்கள், ஆலயத்தில் பதிகிறார்கள், பௌத்த முறையில் அடக்கம் செய்கிறார்கள். தங்கள் கண்ணிலேயே பெரும்பாவமான ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, மன்னிப்புக்கு வழியே இல்லாமல் ஒரு சமூகம் எத்தனை தலைமுறை தாங்கும்? பல இடங்களில் உடைந்தது இங்கேதான் என்று கருத இடமிருக்கிறது.

இதற்கு விடையாக அவர்களிடம் ஒரு சிறு பிரதி இருந்தது. 1603-இல், தடை முழுமையாக வருவதற்கு முன்பே எழுதப்பட்டது; 'கொஞ்சிரிசான்' பற்றியது. நம் ஊர்க் கத்தோலிக்கர் 'உத்தம மனஸ்தாபம்' என்று சொல்வதேதான். தண்டனைக்குப் பயந்து அல்லாமல் கடவுளை நோகடித்துவிட்டோமே என்ற அன்பினால் மனம் வருந்தி, குரு கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதிகொண்டால், குரு இல்லாத இடத்திலும் பாவம் மன்னிக்கப்படும் என்பது அதன் போதனை. அதைக் கையால் பெயர்த்தெழுதிப் பெயர்த்தெழுதி வைத்துக்கொண்டார்கள். தகட்டை மிதித்துவிட்டு வீடு திரும்பியதும் அந்த ஜெபத்தைச் சொல்வார்கள். சாவு வீட்டில் பௌத்தத் துறவி சூத்திரம் ஓதும்போது பக்கத்து அறையில் இன்னொரு குழு அதன் பலனை அழிக்கும் ஜெபத்தை முணுமுணுக்கும். அதற்கு 'சூத்திரம் அழித்தல்' என்றே பெயர்.

கவனியுங்கள், இந்தப் போதனைக்குள்ளேயே ஒரு காத்திருப்பும் இருக்கிறது. குரு கிடைக்கும்போது செய்வேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும். பஸ்தியான் சொன்னதாக வழங்கிய வாக்கும் அதோடு சேர்ந்துகொண்டது: ஏழு தலைமுறைக்குப் பின் பெரிய கறுப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர்கள் வருவார்கள், அப்போது வாரந்தோறும் சங்கீர்த்தனம் செய்யலாம். ஓவுரா கோயில் கட்டி முடிந்த செய்தி கேட்டதும் அவர்கள் தாமாகத் தேடிப் போனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

பழுதானவை

எல்லாம் அப்படியே காப்பாற்றப்பட்டது என்று நினைக்கவேண்டாம். பின்னால் வந்த பிரெஞ்சுக் குருக்கள் ஊர் ஊராகத் தண்ணீர்க்காரர்களை உட்காரவைத்து ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். சில இடங்களில் சரியாக இருந்தது. சில இடங்களில் லத்தீன் அடையாளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. சந்தேகமானவர்களுக்கு நிபந்தனையோடு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவேண்டி வந்தது.

'ஒராஷோ' என்ற ஜெபங்களில் லத்தீன், போர்த்துகீசியம், பழைய ஜப்பானியம் மூன்றும் கலந்திருக்கும். இகித்சுகியில் இதைச் சத்தமாக, சேர்ந்து சொல்வார்கள், ஒரு பகுதியைப் பாடவும் செய்வார்கள். 'லவுதாத்தே', 'நுங் திமித்திஸ்', 'ஓ குளோரியோசா' என்ற மூன்று லத்தீன் பாடல்கள் அங்கே 'ரவுதாத்தே', 'நாஜோ', 'குருயோசா' ஆகிவிட்டன. பொருள் தெரியாது, ஆனால் எலும்புக்கூடு இருக்கிறது. சேர்ந்து சொல்லும்போது ஒருவர் பிசகினால் மற்றவர் குரல் இழுத்துவந்துவிடும். கோட்டோவிலும் சொத்தொமேயிலும் வாய்க்குள்ளேயே சொன்னார்கள். அங்கே பிழை திருத்த காது இல்லை.

கதைகள் இன்னும் வேகமாக மாறின. சொத்தொமே பக்கம் கிடைத்த ஒரு கையெழுத்துப் பிரதியில் இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோம ஆளுநர் போந்தியு பிலாத்து, 'பொன்ஷா', 'பிரோத்தோ' என்று இரண்டு தனி ஆட்களாகி, ஏரோது அரசனிடம் வேலை பார்க்கிறார்கள். விசுவாசப் பிரமாணத்தில் வரும் ஒரு பெயரை விளக்க ஆளில்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். சொல்லாகக் காப்பாற்றியது வளைந்துவிட்டது. செயலாகக் காப்பாற்றிய தண்ணீர், நாள், முழந்தாள், ஊசி பிடிக்காத விரல் ஆகியவை அவ்வளவு வளையவில்லை.

அரசுக்கும் இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது தவறு. 1805-இல் அமகுசாவில் 5,000-க்கும் அதிகமானோர் பிடிபட்டார்கள். அத்தனை பேரையும் கிறிஸ்தவர்கள் என்று எழுதினால் அத்தனை பேரையும் தண்டிக்கவேண்டும். வயல்கள் தரிசாகும், வரி போகும், ஒன்றரை நூற்றாண்டாக ஆலயச் சான்று கொடுத்த அதிகாரிகளின் தலையும் உருளும். 'அறியாமையால் தவறான வழக்கத்தைப் பின்பற்றியவர்கள்' என்று எழுதி விட்டுவிட்டார்கள். வெளியே ஒழுங்காக வரிகட்டி, தகட்டை மிதித்து, ஆலயத்துக்குப் போய்வந்ததுதான் அவர்களைக் காத்த கவசம்.

இலங்கையில் இதே போன்ற ஒரு சோதனை, ஆனால் மிகக் குறுகியது, தமிழர்களுக்கே நேர்ந்திருக்கிறது. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். 1687-இல் கோவாவைச் சேர்ந்த குரு யோசேப் வாஸ் கூலிக்காரர் வேடத்தில் வந்து சேரும்வரை 29 ஆண்டுகள் குரு கிடையாது. யார் கத்தோலிக்கர் என்று கேட்டறிய முடியாததால் கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊர் மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவரும் பின்னர் தாம் போகமுடியாத ஊர்களில் ஊர்ப் பொறுப்பாளர்களான மூப்பரையும் அண்ணாவியாரையும் நம்பித்தான் வேலை செய்தார்.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. வட ஆப்பிரிக்காவில் 411-ஆம் ஆண்டு கார்த்தேஜ் மாநாட்டுக்கு இரு தரப்பிலுமாக 500-க்கும் மேற்பட்ட ஆயர்கள் வந்தார்கள். 1076-இல் ஒரு புதிய ஆயரைத் திருநிலைப்படுத்தத் தேவையான மூன்று ஆயர்கள் அங்கே இல்லையே என்று பாப்பரசர் ஏழாம் கிரகோரி வருந்தி எழுதினார். அவ்வளவு பெரிய திருச்சபை நகரங்களையும் லத்தீனையும் ஆயர்களையும் சார்ந்திருந்தது. மேல்தட்டு கழன்றபோது கீழே தாங்க அதிகம் இல்லை. எகிப்தில் கிராமங்களிலும் மடங்களிலும் கோப்திக் மொழியில் ஊன்றியிருந்த திருச்சபை இன்றும் இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு

1867-இல் உரகாமி மக்கள் பௌத்தத் துறவியை அழைக்காமல் தாமே அடக்கம் செய்யத் தொடங்கியதும் கடைசிப் பெரும் வேட்டை வந்தது. 3,394 பேர் ஊரோடு பெயர்க்கப்பட்டு நாட்டின் பல பகுதிகளில் சிறைவைக்கப்பட்டார்கள். 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. மேற்கு நாடுகளின் நெருக்குதலால் 1873-இல் தடைப் பலகைகள் இறங்கின.

அதன்பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. ஒளிந்திருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதியினர் குருக்களிடம் திரும்பினார்கள். இன்னொரு பகுதியினர் மறுத்துவிட்டார்கள், குறிப்பாக இகித்சுகியில். வீட்டுப் பௌத்த மாடத்தையும் முன்னோர் பலகைகளையும் எடுத்தெறியச் சொன்னார்கள் குருக்கள். ஆனால் யாருக்காக இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்து இதைக் காத்தார்களோ அந்த முன்னோரே அந்த மாடத்தில் இருந்தார்கள். இருநூறு ஆண்டு மறைவுக்கு உதவிய திரை, அதற்குள் மதத்தின் ஒரு பகுதியாகவே ஆகியிருந்தது.

மறுத்தவர்களின் மரபு, வேட்டைக்காரர் யாரும் இல்லாத இருபதாம் நூற்றாண்டில், வேறொன்றால் தளர்ந்தது. இகித்சுகியில் பொறுப்பாளர் ஒருவருக்கு ஆண்டு முழுக்கச் சடங்குகள் இருந்தன. அரை மணிக்கு மேல் ஓடும் ஒராஷோவை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். ஞானஸ்நானம் கொடுக்கும் பெரியவர் தீட்டுப்படாமல் இருக்கவேண்டும். அந்த நாளில் எருவையும் மாட்டையும் தொடக்கூடாது. இது வயலும் சிறு படகும் இருந்த ஊருக்குப் பொருந்திய கால அட்டவணை. மாதக்கணக்கில் ஆண்கள் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் போனபோது, இளைஞர்கள் சம்பள வேலைக்கு நகரங்களுக்குப் போனபோது, பொறுப்பை ஏற்க ஆள் வரவில்லை. கோட்டோவில் சோகாத்தா வாரிசில்லாமல் இறந்த இடங்களில் குழு அத்தோடு கலைந்து, வீடுகள் ஆலயப் பதிவுக்குள் கரைந்துபோயின. அங்கே யாரும் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவில் 1970 முதல் பல தலைமுறைக் குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஒரு நீண்டகால ஆய்விலும், பெற்றோருக்குப் பக்தி இருப்பது மட்டும் போதவில்லை, பிள்ளையோடு, குறிப்பாகத் தந்தைக்கு, நெருக்கம் இருந்த வீடுகளில்தான் மதம் நன்றாகக் கைமாறியது என்று கண்டார்கள். சூழல் வேறு, ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் இருந்தாரா என்ற கேள்வி அங்கேயும் வருகிறது.

திருச்சபையோடு சேர்ந்த உரகாமி வேறு பாதையில் போனது. பங்கு, குருமடம், கன்னியர் மடம் எல்லாம் வந்தபின் ஒரு வேலை ஒரே குடும்பத்தின் வாரிசை நம்பியிருக்கவில்லை. 1945 ஆகஸ்ட் 9-இல் அணுகுண்டு அவர்கள் தலைக்குமேல் வெடித்தபோது பங்கு மக்கள் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் இறந்தார்கள். 1959-இல் அதே இடத்தில் கோயில் மறுபடி எழுந்தது. அந்த நிலம் முன்பு ஊர்த்தலைவரின் வீடாக இருந்தது; ஆண்டுதோறும் உரகாமி மக்களை வரவழைத்துத் தகட்டை மிதிக்கவைத்த வீடு. 1880-இல் ஊர்மக்களே அதை விலைக்கு வாங்கியிருந்தார்கள்.

இகித்சுகிக்கு எதிரே நாகாயே என்ற சிறு பாறைத்தீவு இருக்கிறது. 1620-களில் கிறிஸ்தவர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். அந்தப் பாறையில் கசியும் நீரைத்தான் இகித்சுகிக் குழுக்கள் ஞானஸ்நானத்துக்கு எடுத்துவந்தன. ஒராஷோ சொல்லிக்கொண்டே பாறைப் பிளவில் ஒரு புல் இலையைச் செருகி, சொட்டுச் சொட்டாகக் குப்பியில் பிடிப்பார்கள். கலைந்துபோன குழுக்கள் வணங்கிவந்த ஓவியச் சுருள்களும் குப்பிகளும் இப்போது தீவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எஞ்சியிருக்கும் சில பெரியவர்கள் இன்னும் ஒராஷோ சொல்கிறார்கள்.